மலைநாட்டுத் தேயிலையும் பொருளியலாரின் ஆராய்ச்சியும்

ஆராய்ச்சியின் பயனை அளத்தற்குரிய கோல் யாது என்னும் வினா கல்வியுலகில் இன்று பெரிதும் எழுவதொன்றாகும். ஓர் ஆசிரியர் எத்துணைக் கட்டுரைகளை எழுதினார், அவை எவ்வெவ் வெளியீடுகளில் இடம்பெற்றன என எண்ணிப் பதவியுயர்வு வழங்கும் முறை பல நாடுகளிற் பரவியுள்ளது. இலங்கையிலும், 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின்வழி அமைந்த மானியங்கள் ஆணைக்குழு, புள்ளிமுறை வகுத்துப் பேராசிரியர் பதவிக்குரியோரை மதிப்பிட வழிசெய்தது. இம்முறையின் நன்மை தீமைகளைத் தேர்ந்து காண்பதற்கு, நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி எழுந்த ஆராய்ச்சியின் வரலாறு நல்லதோர் உரைகல்லாகும்.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பார் கண்டிப் பகுதியிலுள்ள லூலகந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கவே, மலைச்சாரல்கள் தேயிலைக்குரியனவாயின. இச்செடிக்கென 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. முதலில் நுவரெலியாவிலும் பின்னர்த் தலவாக்கலையிலுள்ள சென்ற் கூம்ஸ் தோட்டத்திலும் அது பணியாற்றிற்று. இலைசுருட்டிப் புழுவை அடக்குதற்பொருட்டு 1930களில் ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி ஒன்றைக் கொணர்ந்து பரப்பியமையும், 1946இல் இலங்கையிற் பரவிய கொப்புள நோயை எதிர்த்தமையும், கூடுதல் விளைவு தரும் செடியினங்களைத் தேர்ந்து வழங்கியமையும் அந்நிலையத்தின் அருஞ்செயல்களாம். இவற்றின் பயனைக் காட்ட எண்ணிக்கை வேண்டுவதில்லை. மலைச்சரிவே சான்று பகரும்.

செடிக்கு வாய்த்த இப்பேறு, அச்செடியைச் சார்ந்து வாழ்ந்த மக்களின் கூலி, தோட்டத்தின் முதல், இலாபம் என்பன பற்றிய ஆராய்ச்சிக்கு வாய்த்திலது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றி, 1952இல் தேயிலை மலைகளுக்கு அணித்தாகிய பேராதனையிற் குடிபுகுந்தது. அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், அரசியலமைப்புச் சட்டத்தில் வல்லுநராயிருந்தும், 1948இல் இலங்கைப் பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார். பின்னர் ஜோன் றொபின்சன், நிக்கலஸ் கால்டோர், குன்னார் மிர்தால் முதலிய உலகறிந்த பொருளியலார் இந்நாட்டிற்கு வந்து எழுதிய கட்டுரைகள் 1959இல் தொகுத்து வெளியிடப்பட்டன. வந்தவர் சிலநாளிற் கண்டெழுதிச் சென்றனர். நாட்டவர் செய்யவேண்டிய நெடும்பணி எஞ்சி நின்றது.

அப்பணிக்குரியோர் பலரை அரசுப்பணி ஈர்த்துக்கொண்டது. 1950இல் தோன்றிய மத்திய வங்கியும் திட்டமிடல் அலுவலகங்களும் அவர்தம் மேம்பாட்டுக்கு வாயில்களாயின. வங்கியின் பணியால் ஆராய்ச்சிக்கு நன்மையும் விளைந்தது. தோட்டங்களில் இடப்பட்ட அந்நிய முதலீடு பற்றி என். இராமச்சந்திரன் எழுதிய நூலை 1963இல் அவ்வங்கியே வெளியிட்டது. ஏற்றுமதிப் பொருளாதாரத்தின் நிலையாமையை ஆராய்ந்த காமினி கொறயாவின் நூல் 1975இல் வெளிவந்தது. அப்போது அவர் ஐக்கிய நாடுகளின் வணிக, வளர்ச்சி மாநாட்டுச் செயலாளர் நாயகமாக விளங்கினார். அவர்தம் உயர்வுக்கு அந்நூல் காரணமன்று. உயர்ந்தபின்னரே அது அச்சேறிற்று.

இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கவர் எஸ். பி. டி. டி சில்வா ஆவார். 1982இல் இலண்டனில் வெளிவந்த, குறைவளர்ச்சியின் அரசியற் பொருளாதாரம் பற்றிய அவர்தம் பெருநூல் 600 பக்கங்களுக்கு மேற்பட்டது. தோட்டத்தொழில் நவீனத்துறை, கிராமவேளாண்மை பழந்துறை என்னும் அக்காலக் கொள்கையை அவர் மறுத்தார். குடியேறிய ஐரோப்பியர் நிலைத்து வாழ்ந்த நாடுகளையும், வணிக முதலாளர் இலாபம் மட்டும் கொண்டுசென்ற நாடுகளையும் வேறுபடுத்திக் காட்டினார். ஏஜன்சிக் கம்பனிகளின் நாட்டம் வணிகத்திலே நின்றமையாலும், மலிந்த கூலிக்கு ஆட்கள் கிடைத்தமையாலும், தொழில்நுட்பம் வளர வேண்டுவதோர் ஏது இல்லாதொழிந்தது என்பது அவர் முடிபு. கொழுந்து பறிக்கும் பெண் நூறாண்டு கடந்தும் கூடையும் கையுமாக நின்றதற்கான காரணம் இதனால் விளக்கமுறுகின்றது. 2018இல் மறைந்த அவர்தம் புகழ் இவ்வொரு நூலின்மீதே நிற்கின்றது. கேம்பிரிட்ஜ் அறிஞர் பியெரோ ஸ்ராபா, 1920களில் தொடங்கிய சிந்தனையை 1960இலேயே ஏறத்தாழ நூறு பக்கச் சிறுநூலாக வெளியிட்டமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. ஆண்டுதோறும் எண்ணுங் கோலுக்கு இவ்விருவரும் பல ஆண்டுகள் வாளாவிருந்தவராகவே தோன்றியிருப்பர்.

எனினும், எண்ணும் முறையை முற்றும் இகழ்தல் முறையன்று. உறவும் செல்வாக்கும் பதவியைத் தீர்மானிக்கும் இடத்து, யாவர்க்கும் பொதுவாகிய அளவுகோல், சார்பற்றோர்க்கு அரணாகும். இது மலையகத்தார்க்குப் பெரிதும் பொருந்தும். 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பள்ளிகளை முழுமையாய்ச் சென்றடையவில்லை. 1970களிலேயே அப்பள்ளிகளை அரசு பரவலாகப் பொறுப்பேற்றது. 1948இல் பறிபோன குடியுரிமை, எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே கிட்டியது. இத்தகைய தடைகளைக் கடந்து லயன் அறைகளினின்றும் பல்கலைக்கழகம் புகுந்தவர்க்குச் செல்வாக்கு ஏது? புள்ளியே அவர்க்குத் துணை.

ஆயின் அவருக்கே ஓர் இடரும் உண்டு. செக்றோலையும் கம்பனிக் கணக்கையும் பல்லாண்டு ஒப்புநோக்கித் தம் மக்களின் வாழ்வை விளக்கும் நூலை எழுதத் தக்கவர் அவரே. விரைந்து புள்ளி ஈட்டவேண்டிய நிலையிலிருப்பவரும் அவரே. அப்பணியைக் கைவிட்டுச் சிறு கட்டுரைகள் பலவற்றை அவர் எழுதுவாராயின், பதவி உயரும், அறிவு உயராது. ஆதலின், எண்ணுதல் வாயிற்காவலாக நிற்க; தீர்ப்போ படித்தறிந்தோர் கையில் இருத்தல் வேண்டும். நெடும்பணி மேற்கொண்டார்க்குக் காலமும் விடுப்பும் அளித்தல் பல்கலைக்கழகத்தின் கடன். தேயிலைச் செடிக்கு நூறாண்டுக்கு முன்னரே வழங்கிய பொறுமையை, அதனை வளர்த்த மக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் வழங்குதல் தகும்.