கொழும்பில் எங்கே சாப்பிடலாம்?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு அலுவலாகப் போகிறவர்கள் என்னிடம் இதைக் கேட்பதுண்டு. கோட்டை ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தில் 2011இல் திறந்த ‘மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்’ பெயர்பெற்றது. ஆனால் அங்கு ஒரு பெரிய நண்டு, தோட்டத் தொழிலாளியின் பல நாள் சம்பளம்.

நான் சொல்வது இரண்டு:

வெள்ளவத்தை: காலி வீதிச் சைவக் கடைகள். இடியப்பம், தோசை, வடை.

பத்தரமுல்லை: விவசாயத் திணைக்களத்தின் ‘ஹெல பொஜுன்’. பெண்களே கண்முன் சமைக்கிறார்கள். குரக்கன், அரிசிமாப் பண்டங்கள், இலைக்கஞ்சி கிடைக்கும். வடக்கில் ‘அம்மாச்சி’ என்று நாம் அறிந்ததும் இதே முறைதான். போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கும் அது வருமானம் தருகிறது.

கொழும்புக் கடைகளில் பரிமாறுவோரில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களின் அம்மாமார் சுடும் தேங்காய் ரொட்டியும் சம்பலும் எந்தப் பட்டியலிலும் இல்லை. சப்ரகமுவத் தோட்டப் பெண்களுக்கும் வீதியோரம் ஓர் ‘அம்மாச்சி’ வேண்டும்.