பாற்கடலில் படர்ந்த பாசி



கண்டி மாநகரின் நடுவே, தலதா மாளிகையின் திருமுன்னே பரந்து கிடக்கும் வாவியைச் சிங்கள மக்கள் ‘கிரி முகுத’ எனவும் வழங்குவர். பாற்கடல் என்பது அதன் பொருள். 1999 ஆம் ஆண்டில் அப்பாற்கடல் பச்சைக் குழம்பாய்த் திரிந்தது. நீரின்மேல் பசுஞ்சாயம் கரைத்து ஊற்றினாற்போல் ஒரு படலம் பரவிற்று. அது எங்ஙனம் வந்தது? அதனை அடக்கும் வழி யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுவோர், வியப்பிற்குரிய வகையில், வீட்டு முன்றிலில் வைத்துப் பேணும் கண்ணாடி மீன்தொட்டியின் வரலாற்றுக்குள் நுழைய வேண்டியவராகின்றனர். இன்றைய பேச்சின் பொருள் அதுவே.

முதலில் வாவியின் பிறப்பை நோக்குவோம். கண்டி இராச்சியத்தின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். நாயக்கர் மரபில் தோன்றிய இவன் 1798 இல் அரியணை ஏறினான். அரண்மனைக்கு முன் திகோல் வெல என்னும் வயல்வெளி ஒன்று இருந்தது. 1807 ஆம் ஆண்டளவில் அதன் குறுக்கே அணை எழுப்பி, மலைநீரைத் தேக்கி, மன்னன் இவ்வாவியை அமைத்தான். கரையிலே முகில் கூட்டம்போல் வளைந்து வளைந்து செல்லும் மதில் ஒன்றையும் எழுப்பத் தொடங்கினான். அது முற்றுப் பெறுமுன்னரே அவன் அரசு முற்றுப் பெற்றது. 1815 மார்ச்சு 2 ஆம் நாள் கண்டி உடன்படிக்கையால் நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. வேலூருக்கு அனுப்பப்பட்ட மன்னன் 1832 இல் அங்கேயே உயிர் நீத்தான். அவன் விட்டுச் சென்ற வாவியோ இன்றும் நகரின் அணிகலனாய்த் திகழ்கின்றது. 1988 இல் கண்டி நகரம் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றபோது அந்தப் பெருமையில் வாவிக்கும் பங்கிருந்தது.

வாவி என்பது ஒரு கிண்ணம். சூழவுள்ள குன்றுகளில் விழும் மழைநீர் முழுவதும் அக்கிண்ணத்தை நாடியே இறங்கும். குன்றுகளில் காடு நிறைந்திருந்த காலத்தில் இறங்கியது தெளிநீர். குன்றுகளில் வீடுகளும் விடுதிகளும் நிறைந்த காலத்தில் இறங்குவது சமையலறை நீர், சலவை நீர், மலசலக் கழிவு, தோட்டத்து உரம் யாவும் கலந்த நீர். பல்லாண்டுகள் இங்ஙனம் சேர்ந்த சத்தே 1999 இல் பச்சை நிறம் பூண்டு வெளிப்பட்டது. அப்படலத்தை உண்டாக்கிய உயிர் ‘மைக்ரோசிஸ்டிஸ்’ எனப்படுவது. நாம் அதனைப் பாசி என்றே அழைக்கின்றோம். அறிவியலார் அதனைச் சயனோபற்றீரியா என்னும் நுண்ணுயிர் வகுப்பில் சேர்ப்பர். மகாவலியை மறித்து 1985 இல் நிறைவு செய்யப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்திலும் அடுத்த சில ஆண்டுகளுக்குள் இதே உயிர் பெருகியதுண்டு.

இதனை அழகுக் குறை என்று மட்டும் எண்ணிவிடலாகாது. மைக்ரோசிஸ்டிஸ் தன்னுள் ஈரலைத் தாக்கும் நஞ்சினை ஆக்க வல்லது. 1996 இல் பிரேசில் நாட்டின் கருவாரு நகரில், சிறுநீரக நோயாளரின் குருதியைத் தூய்மை செய்யப் பயன்படுத்திய நீரில் இந்நஞ்சு கலந்திருந்தமையால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் இந்நஞ்சின் முதன்மை வகைக்கு லீற்றருக்கு 1 மைக்கிரோகிராம் என்னும் எல்லையை வகுத்துள்ளது. கண்டி வாவியின் நீரோ அங்கேயே நின்றுவிடுவதன்று. வழிந்தோடி மெத எல என்னும் ஓடையாகி மகாவலி கங்கையைச் சேர்கின்றது. கங்கையின் நீரைக் குடிப்போர் எத்தனை பேர் என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள்.

இனி, பாசியை அடக்கக் கற்ற வரலாற்றுக்கு வருவோம். அக்கல்வி பெரிய ஏரிகளில் தொடங்கவில்லை. சிறிய கண்ணாடிக் கலங்களில் தொடங்கிற்று. 1829 இல் இலண்டன் வைத்தியர் நதானியேல் வார்ட் என்பார், மூடிய போத்தலுக்குள் ஈரமண்ணில் ஒரு பன்னச்செடி தானே முளைத்துத் தழைப்பதைக் கண்டார். அதிலிருந்து வார்ட் பெட்டி என்னும் கண்ணாடிப் பெட்டி பிறந்தது. நமது பேராதனைக்கும் அப்பெட்டிக்கும் நெருங்கிய உறவுண்டு. 1876 இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,919 இறப்பர் நாற்றுக்கள் 38 வார்ட் பெட்டிகளில் இலங்கைக்கு வந்திறங்கின. அவற்றை ஏற்றுக்கொண்ட பேராதனைத் தாவரவியற் பூங்காவின் அதிபர் துவெய்ட்ஸ் என்பார். 1849 முதல் ஏறத்தாழ முப்பதாண்டு அப்பூங்காவை நடத்திய இப்பெரியார், இங்கு வருமுன்னரே நுண்பாசி ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். தயற்றம் எனப்படும் நுண்ணிய உயிர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இனம் பெருக்கும் முறையைக் கண்டு, அவை பாசியினத்தைச் சேர்ந்தவை என நிலைநாட்ட உதவியவர். பாசியை அறிந்த ஒருவர் கண்டி வாவிக்குச் சில கல் தொலைவில் முப்பதாண்டு வாழ்ந்தார் என்பது நாம் நினைவிற் கொள்ளத் தக்கது.

கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணுக்குப் பதில் நீரை நிரப்பியோர் அடுத்து வந்தனர். 1846 இல் அன்னா தைன் என்னும் அம்மையார் கடலோரத்திலிருந்து உயிருள்ள பவளங்களை இலண்டனுக்குக் கொணர்ந்தார். நீருக்குக் காற்றூட்டுவதற்காக அதனைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் நாள்தோறும் ஊற்றியாற்றும்படி பணிப்பெண்ணை ஏவினார். 1850 இல் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர், மீனும் நீர்த்தாவரமும் ஒன்றையொன்று பேணும் தொட்டியைப் பற்றி அறிவித்தார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைச் செடி உண்ணும். செடி வெளிவிடும் ஒட்சிசனை மீன் உயிர்க்கும். ஆயினும் அழுகிய இலைகளிலிருந்து பச்சைப் பாசி கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. வாரிங்டன் என்ன செய்தார்? மருந்து தேடவில்லை. குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது. மூன்றாவது உயிர் ஒன்று சேர்ந்த பின்னரே அச்சிறு உலகம் நிறைவு பெற்றது.

இப்படிப்பினையே இன்று பவளத் தொட்டி வைத்திருப்போருக்கும் அடிப்படை. கடலிலிருந்து வெகு தொலைவு உள்ளே, மலைகள் நடுவே இருக்கும் கண்டியில் கடல்நீர்த் தொட்டி வைப்பவர் கடலையே வீட்டில் செய்துகொள்ள வேண்டும். தூய நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு சேரும் அளவுக்கு உரிய உப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். 1961 இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், உயிர்கள் குடியிருக்கும் கடற்பாறையைத் தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளால் மட்டும் நீரை இயக்கிப் பவளங்களை வளர்க்கலாம் எனக் காட்டினார். அன்று முதல் வீட்டுப் பவளத் தொட்டி வளர்ந்தது. அதனோடு மயிர்ப்பாசி என்னும் தொல்லையும் வளர்ந்தது. பாறை மீது பச்சை மயிர்போல் நீண்டு, பவளத்தின் மேல் படர்ந்து, ஒளியை மறைத்து அதனை நலியச் செய்வது இது.

மயிர்ப்பாசிக்கு உணவு நைத்திரேற்றும் பொசுபேற்றும். மீனுக்கு இடும் மிகையான இரை, கழுவாமல் இடும் உறைந்த உணவு, தூய்மை செய்யாத குழாய்நீர், தூசி படிந்த வடிகட்டி, பழைய பாறை ஆகியவை அவ்வுணவைத் தரும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. நீரைச் சோதித்துப் பார்ப்பவர் பொசுபேற்று இல்லை எனக் கண்டு திகைப்பார். தொட்டி நிறையப் பாசி இருக்கையில் நீரில் உணவு எஞ்சாது. பாசியே அதனை உண்டு தன் உடலாக்கிக் கொண்டது. ஆதலால் பாசியைக் கையால் பிடுங்கி வெளியே எறிதல் வீண்வேலையன்று. பிடுங்கிய ஒவ்வொரு பிடியோடும் சத்தும் வெளியேறுகின்றது. பின் இரையைக் குறைத்து, நீரைக் காலந்தோறும் மாற்றி, நத்தையும் கடல் முள்ளெலியும் போன்ற மேய்ப்பினங்களைச் சேர்த்துப் பல வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். 1980களில் அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தைச் சார்ந்த வால்டர் ஏடி என்பார் இதனையே ஒரு கருவியாக்கினார். தனித்தட்டு ஒன்றில் பாசியை வேண்டுமென்றே வளர்த்து, அறுத்து எறிந்து, தொட்டி நீரைத் தூய்மை செய்தார்.

விரைவு வழி ஏதுமில்லையா என வினவுவோர் எக்காலத்தும் உளர். 1904 இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த இருவர், மயில்துத்தத்தைச் சிறிதளவு இட்டால் நீர்நிலைப் பாசி மடியும் எனக் கண்டனர். பாசி மடிந்தது உண்மை. ஆனால் பவளத் தொட்டியில் செம்புச் சத்து கலந்தால் நத்தையும் பவளமும் உடன் மடியும். பெரிய நீர்நிலையில் நேர்ந்தது இன்னும் கொடியது. 1979 இல் அவுஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணையில் நீலப்பச்சைப் பாசி பெருகிற்று. அதற்கு மயில்துத்தம் இட்டனர். சில நாட்களில் 148 பேர் ஈரலும் சிறுநீரகமும் தாக்குண்டு வீழ்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறுவர். பாசியின் உயிரணுக்கள் உடைந்து அவற்றுள் இருந்த நஞ்சு ஒருங்கே நீரில் கலந்ததே காரணம் எனப் பின்னர் அறிந்தனர்.

மேய்ப்பினத்தின் அருமையைக் கடலே ஒருமுறை கற்பித்தது. 1983 ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் கரீபியன் கடலில் நோயொன்று நீண்ட கருமுட்கள் உடைய கடல் முள்ளெலிகளைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. யமேக்கா தீவின் பாறைகளில் பாசி மேயும் மீன்களை மக்கள் முன்னரே மிகையாகப் பிடித்திருந்தனர். 1980 இல் பெரும்புயலும் வீசியிருந்தது. எஞ்சியிருந்த மேய்ப்பினமும் போகவே, ஒரு காலத்தில் பாதிக்கு மேல் பவளம் மூடியிருந்த இடங்கள் பத்தாண்டில் பாசிக்காடாயின. மேய்ப்பு, சத்து என்னும் இரண்டில் ஒன்று தவறினாலும் பாசி வெல்லும்.

சத்தின் பங்கைத் தெளிவாகக் காட்டியது கனடா நாட்டு ஏரி ஒன்று. 1973 இல் டேவிட் சிண்ட்லர் என்பாரும் அவர்தம் துணைவரும் சிற்றேரி ஒன்றை நடுவே திரையிட்டு இரண்டாக்கினர். இரு பாதிக்கும் காபனும் நைதரசனும் இட்டனர். ஒரு பாதிக்கு மட்டும் பொசுபரசையும் சேர்த்தனர். பொசுபரசு இட்ட பாதி பச்சையாயிற்று. மற்றது தெளிவாயே நின்றது. அதற்கு முன்னரே அமெரிக்காவின் சியாற்றில் நகர மக்கள் இவ்வழியில் நடந்து காட்டினர். நகரக் கழிவால் வாசிங்டன் ஏரி கலங்கி, ஒரு மீற்றர் ஆழத்துக்கு அப்பால் கண் செல்லாத நிலை எய்தியது. 1963 முதல் 1968 வரை கழிவு நீரை ஏரிக்குள் விடாது வேறு வழி திருப்பினர். ஏரிக்கு எம்மருந்தும் இடாமலே சில ஆண்டுகளில் நீர் தெளிந்தது.

கண்டிக்கும் உரிய வழி அதுவே. கண்டி நகரக் கழிவுநீர் முகாமைத் திட்டத்துக்கு 2010 இல் ஜப்பானியக் கடனுதவி கிடைத்தது. நகரின் கழிவைக் குழாய் வழியே கன்னொறுவைக்குக் கொண்டு சென்று சுத்திகரிக்கும் ஏற்பாடு அதனால் உருவாயிற்று. எனினும் குழாய் இட்ட மறுநாளே வாவி தெளியும் என எதிர்பார்த்தலாகாது. பழைய பாறை தொட்டி நீருக்குப் பொசுபேற்றை மெல்ல மெல்லக் கசிய விடுவதுபோல, வாவியின் அடிச்சேறும் பல்லாண்டு சேர்த்த சத்தை மெல்ல மெல்ல வெளிவிடும். பொறுமை இங்கும் வேண்டும். குன்றின் மேலுள்ள ஒவ்வொரு வீட்டின் வடிகாலும் எங்கே சென்று முடிகின்றது என்னும் விழிப்பும் வேண்டும்.

தொட்டி வைத்திருப்போருக்கு இன்னும் ஒரு கடமை உண்டு. 1984 இல் மொனாக்கோ கடலாய்வுக் காட்சிச்சாலையை அடுத்த கடலடியில் ஒரு சதுர மீற்றர் அளவே காணப்பட்ட கோலேர்ப்பா என்னும் தொட்டிப்பாசி, பின்னர் மத்தியதரைக் கடலில் பல நாட்டுக் கரைகளுக்குப் பரந்தது. அதே பாசி 2000 இல் கலிபோனியக் கடற்கழி ஒன்றில் தோன்றியபோது, அதனை முற்றும் ஒழித்துவிட்டோம் என அறிவிக்க 2006 வரை உழைக்க வேண்டியதாயிற்று. நமது கண்டி வாவியிலும் அமெரிக்க நாட்டு முதலைவாய் மீன் அண்மைக் காலத்தில் காணப்பட்டது. அது கடல் கடந்து நீந்தி வந்ததன்று. யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டிக்கு அடங்காமற் போனதை வாவியில் விட்டதன் விளைவே. பிடுங்கிய பாசியைக் குப்பையில் உலர்த்தி எறிக. வளர்க்க இயலாத மீனை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க.

நேயர்களே, வாரிங்டனின் தொட்டியும் மன்னனின் வாவியும் அளவில் மட்டுமே வேறானவை. பாசி நமக்குப் பகையன்று. மிகுந்த உணவு எங்கே கிடக்கின்றது என்று சுட்டும் விரல் அது. விரலை வெட்டுவதால் பயனில்லை. அது சுட்டும் இடத்தை நோக்க வேண்டும். மாணவர் ஒருவர் வீட்டுத் தொட்டியில் இரையைக் குறைத்துப் பாசியை அடக்கக் கற்றுக்கொண்டால், நாளை நகரசபையில் அமர்ந்து வாவியைக் காக்கவும் அவருக்குத் தெரிந்திருக்கும். வயலை வாவியாக்க ஒரு மன்னனின் ஆணை போதுமானதாயிருந்தது. அந்த வாவியைப் பாற்கடலாகவே வைத்திருக்க, குன்றுகளில் வாழும் ஒவ்வொரு குடும்பத்தின் இசைவும் வேண்டும்.