சிகப்பு ரோஜாக்கள்: எங்கள் வீட்டில் ஓயாத சண்டை

போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே நல்ல சாரல். ஐந்தருவியில் கூட்டம் தாங்காது என்று யாரும் குளிக்கப் போகவில்லை. வீட்டில் பெரியப்பா, அத்தை, அம்மா, நான். டி.வி.யில் "சிகப்பு ரோஜாக்கள்" ஓடிக்கொண்டிருந்தது. படம் முடிந்த பிறகு ஆரம்பித்த சண்டை ராத்திரி சாப்பாடு வரைக்கும் நீண்டது. அதைக் கேட்ட பிறகுதான் இந்தப் படத்தின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். படித்ததை எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் சண்டை என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா கட்சி: "அப்படி ஒரு படம் அதுக்கு முன்னால தமிழ்ல வந்ததே கெடையாது. நான் மூணு தடவ பார்த்தேன்."

அம்மா கட்சி: "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ளைகளோட உக்காந்து பாக்க முடியாது."

அத்தை பெரியப்பாவின் தங்கச்சி. அந்தப் படம் வந்தபோது அவங்களுக்கு இருபது வயசுகூட இல்லை. "அது பொம்பளப் பிள்ளைக பாக்கிற படம் இல்ல" என்று வீட்டில் அவங்களை அனுப்பவில்லை. பாட்டை மட்டும் ரேடியோவில் கேட்டிருக்காங்க. முழுப் படத்தையும் பார்த்ததே அன்றைக்குத்தான். பார்த்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "ஏண்ணே, மூணு தடவ பாத்தேங்கியே... செத்துப்போன பிள்ளைகள்ல ஒருத்தி பேராவது ஞாபகம் இருக்கா?"

பெரியப்பாவுக்கு ஞாபகம் இல்லை. நிஜத்தைச் சொன்னால் அஞ்சு நிமிஷம் முன்னால் பார்த்து முடித்த எனக்கும் இல்லை!

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

1977-ல் "16 வயதினிலே" வந்தது. பாரதிராஜாவின் முதல் படம். அடுத்து 1978-ல் "கிழக்கே போகும் ரயில்". இரண்டும் கிராமத்துக் கதை, இரண்டும் வெற்றி. உடனே ஒரு பேச்சு கிளம்பியது: இவருக்குக் கிராமம் மட்டும்தான் தெரியும். அதற்குப் பதில் சொல்வது போல அதே 1978-ல் அவர் எடுத்த படம்தான் "சிகப்பு ரோஜாக்கள்". வசனம் பாக்யராஜ், ஒளிப்பதிவு நிவாஸ், இசை இளையராஜா. நாயகன் நாயகி யார் தெரியுமா? கமலும் ஸ்ரீதேவியும். அதாவது முந்தைய வருஷம் சப்பாணியாகவும் மயிலாகவும் தமிழ்நாடு பார்த்த அதே ஜோடி. கோவணத்தோடு நின்ற சப்பாணி இப்போது கோட்டு சூட்டு போட்ட பணக்காரன். பெண்களை மயக்கி, வீட்டுக்குக் கூட்டி வந்து, கொலை செய்து, தோட்டத்தில் புதைத்து, மேலே ரோஜாச்செடி வைக்கிறவன். முதல் நாள் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரியப்பா கட்சியின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. அதுவரை நம் சினிமாவில் கொலைகாரன் என்றால் கட்டம் போட்ட சட்டை, கன்னத்தில் மரு, ஒரு சிரிப்பு. பார்த்த உடனே தெரிந்துவிடும். திலீப் அப்படி இல்லை. அழகன், படித்தவன், நாகரிகமாகப் பேசுகிறவன். "நல்லவன் மாதிரி இருக்கிறவனும் கெட்டவனா இருக்கலாம்னு எங்களுக்குச் சொன்ன படம்ல அது" என்கிறார் பெரியப்பா. இதை லேசில் தள்ள முடியாது. ஒரு பெண்ணுக்கு ஆபத்து இருட்டுச் சந்தில் மட்டுமில்லை, பெரிய பங்களாவிலும் இருக்கிறது என்று அந்தக் காலத்திலேயே சொன்ன படம்.

அம்மா கட்சிக்கும் பழைய வரலாறு உண்டு. ஒளிப்பதிவுச் சட்டம் 1952-ல் வந்தது. 1983-ல் யு/ஏ என்ற நடுப் பிரிவு வரும் வரைக்கும் பொதுமக்கள் பார்க்கும் படங்களுக்கு இரண்டே சான்றிதழ்தான்: எல்லாருக்கும் "யு", வயது வந்தவர்களுக்கு மட்டும் "ஏ". 1969-ல் நீதிபதி கோஸ்லா தலைமையிலான குழு, கதைக்குத் தேவையென்றால் முத்தக்காட்சியைக்கூட அனுமதிக்கலாம் என்று பரிந்துரை செய்து நாடு முழுக்கப் பரபரப்பைக் கிளப்பியது. 1970-ல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, மற்ற கலைகளை விட சினிமா மனசை ஆழமாக ஆட்டிவிடும், அதனால் முன் தணிக்கை செல்லும். இரண்டு, பாலுறவு என்பதும் ஆபாசம் என்பதும் எப்போதும் ஒன்றல்ல. இந்த இரண்டாவதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

எங்கள் ஊர்க்காரர்கள் மறக்கவே கூடாது என்பேன்! திரிகூடராசப்பக் கவிராயரின் "குற்றாலக் குறவஞ்சி" பிறந்த ஊர் இது. வசந்தவல்லி பந்தாடும் அழகை அவர் வர்ணித்ததில் சிருங்காரம் வழிகிறது. பவனி வந்த குற்றாலநாதரைப் பார்த்து ஆசைப்படுகிறவள் அவள்தான். அவள் ஆசையை நூல் முழுக்கக் கொண்டாடுகிறார் கவிராயர். யாரும் அவளைத் தண்டிக்கவில்லை. அந்த நூலுக்காக நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார் என்றும், அந்த இடம் குறவஞ்சி மேடு என்றும் சொல்வார்கள். ஆகவே சிருங்காரம் இருக்கிறது என்பதற்காக ஒரு படைப்பைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்படியென்றால் என்னை உறுத்துவது எது? அத்தையின் கேள்வி.

படத்தை அத்தையின் கண்ணோடு மறுபடி பார்த்தேன். திலீப்போடு தைரியமாகப் பழகும் பெண்கள் சாகிறார்கள். துணிக்கடையில் வேலை பார்க்கும் சாரதா, கல்யாணத்துக்குப் பிறகுதான் எல்லாம் என்று நிற்கிறாள். அவள் மட்டும் தப்பிக்கிறாள். குறவஞ்சியில் ஆசைப்பட்டவள் நாயகி. இங்கே ஆசைப்பட்டவள் பிணம்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அதே 1978 அக்டோபரில் அமெரிக்காவில் ஜான் கார்பெண்டரின் "ஹாலோவீன்" வெளியானது. அங்கேயும் காதலனோடு இருக்கும் பெண்கள் சாகிறார்கள், ஒழுங்கான பெண் பிழைக்கிறாள். இந்த மாதிரிப் படங்களை ஆராய்ந்த கரோல் க்ளோவர் அந்தக் "கடைசிப் பெண்"ணைப் பற்றி 1992-ல் ஒரு புத்தகத்தில் விரிவாக எழுதினார். ஒன்றை ஒன்று பார்க்காமலே இரண்டு ஊரில் ஒரே கணக்கு!

அடுத்தது பின்கதை. சின்ன வயசில் அனாதையான திலீப் மேல், அடைக்கலம் கொடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி பழி போடுகிறாள். அப்புறம் அவனை வளர்க்கிறவர், துரோகம் செய்த மனைவியைக் கொன்றவர். அதைப் பார்த்து வளர்கிறான் பையன். ஆக, அவன் கொலைகாரன் ஆனதற்குக் காரணமும் பெண்கள், அவன் கையால் சாவதும் பெண்கள். நான் பி.காம். படிக்கிறவன். இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பற்றுக்கும் சமமாக ஒரு வரவு இருக்க வேண்டும். இந்தப் படத்தில் இரக்கம் முழுக்க அவன் கணக்கில் வரவு. செத்த பெண்களுக்குப் பின்கதையும் இல்லை, அழ ஒரு அம்மாவும் இல்லை. கணக்கு நேராகவில்லை.

பெரியப்பா இதற்கும் பதில் வைத்திருந்தார். "ஏட்டி, அவன் செஞ்சது சரின்னா படம் சொல்லுது? கடைசில ஜெயில்ல புத்தி கெட்டுக் கெடக்கானே?" நியாயம்தான். இன்னொன்றும் இருக்கிறது. திலீப் தன் கொலைகளைப் படம் பிடிக்கிறான். வளர்ப்புத் தந்தை உட்கார்ந்து அதைப் பார்த்து ரசிக்கிறார். இருட்டறையில் உட்கார்ந்து பெண்கள் சாவதைப் பார்க்கிறவர் யார்? அவர் மட்டுமா? டிக்கெட் வாங்கிய நாமும்தானே? பாரதிராஜா வேண்டுமென்றே நம் முகத்தில் கண்ணாடி காட்டினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணாடி அங்கே இருக்கிறது.

இதே கண்ணாடியைக் காட்டி அடி வாங்கியவர் மைக்கேல் பவல். 1960-ல் பிரிட்டனில் அவர் எடுத்த "பீப்பிங் டாம்" படத்திலும் கொலைகாரன் தான் கொல்லும் பெண்களைப் படம் பிடிக்கிறான். அவனைக் கெடுத்தது அப்பா. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவ்வளவு பெரிய இயக்குநரின் தொழிலே ஏறக்குறைய அதோடு படுத்துவிட்டது. அதே வருஷம் வந்த ஹிட்ச்காக்கின் "சைக்கோ" சக்கைப்போடு போட்டது. பல வருஷம் கழித்து மார்ட்டின் ஸ்கார்செசி போன்றவர்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான் பவலின் படம் உன்னதம் என்று பேர் வாங்கியது. படம் அதே படம், மாறியது பார்த்தவர்கள்.

"சிகப்பு ரோஜாக்கள்" விஷயத்திலும் அப்படித்தான். தமிழில் பெரிய வெற்றி. 1980-ல் பாரதிராஜாவே இந்தியில் ராஜேஷ் கன்னாவையும் பூனம் தில்லானையும் வைத்து "ரெட் ரோஸ்" என்று எடுத்தார். தமிழில் கிடைத்த வரவேற்பு அங்கே கிடைக்கவில்லை. அதே 1980-ல் தமிழில் பாலு மகேந்திரா "மூடுபனி" எடுத்தார். இளையராஜாவுக்கு நூறாவது படம். பிரதாப் போத்தன் நடித்த அந்தக் கொலைகாரன் பாலியல் தொழில் செய்யும் பெண்களைக் கொல்கிறான். அதிலும் சின்ன வயசுக் காயம், அதிலும் ஒரு பெண்ணால் குடும்பம் கெட்டது என்ற காரணம். இரண்டு பெரிய இயக்குநர்கள், இரண்டு வருஷ இடைவெளி, ஒரே காரணம்!

பிறகு 2004 தீபாவளிக்கு "மன்மதன்" வந்தது. கதை திரைக்கதை சிம்பு, இயக்கம் ஏ.ஜே. முருகன். தம்பியைக் காதலி ஏமாற்றியதால் அண்ணன் "ஒழுக்கம் கெட்ட" பெண்களைத் தேடித் தேடிக் கொல்கிறான். பெரிய ஹிட். இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். 1978-ல் திலீப்புக்குச் சிறையும் பைத்தியமும் கிடைத்தது. 2004-ல் மன்மதனுக்குத் தண்டனையே இல்லை, தப்பித்துப் போகிறான். 26 வருஷத்தில் நாம் முன்னால் போனோமா, பின்னால் போனோமா?

2011-ல் கௌதம் மேனன் "நடுநிசி நாய்கள்" எடுத்தார். பின்னணி இசையே கிடையாது. கொலைகாரனைச் சின்ன வயசில் கெடுத்தது பெண் இல்லை, பெற்ற அப்பா. காரணத்தைப் பெண்கள் தலையில் போடாமல் வீட்டு ஆண் மேல் வைத்த படம். அதற்குத்தான் எதிர்ப்பு கிளம்பியது! படத்தில் ஒரு கதாபாத்திரத்துக்கு மீனாட்சி என்று பெயர் வைத்ததைக் கண்டித்து இயக்குநர் வீட்டின் முன்னால் போராட்டம் நடந்தது. செத்த பெண்களுக்குப் பேரே இல்லாத படத்துக்கு நாம் கைதட்டினோம். பேர் வைத்ததற்குக் கொடி பிடித்தோம்.

ஆக, இத்தனை வருஷமாக இந்தப் படங்களைப் பற்றி நாம் போட்ட சண்டை பெரும்பாலும் "எவ்வளவு காட்டலாம்" என்பதைப் பற்றியே. "யார் கண்ணால் காட்டுகிறார்கள்" என்பதைப் பற்றிச் சண்டை போட்டவர்கள் கொஞ்சம்தான். லாரா மல்வி என்ற ஆய்வாளர் 1975-லேயே, சினிமா கேமரா பெரும்பாலும் ஆணின் பார்வையாகத்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டார். எங்கள் அத்தை அவரைப் படித்ததில்லை. படிக்காமலே அதைத்தான் கேட்டாங்க.

இது ஏதோ பழைய படத்தைப் பற்றிய வெட்டிப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். 1978-ல் ஒரு பெண்ணைப் படம் பிடித்து வைத்து ரசிப்பது என்பது பணக்காரப் பங்களாவில் நடக்கும் கற்பனை. 2019-ல் பொள்ளாச்சி வழக்கு வெளியே வந்தபோது அது நம் பக்கத்து ஊர்ப் பையன்களின் செல்போனில் இருந்தது. 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும் வரை சிறை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு வந்த சமயத்தில் "அந்தப் பொண்ணுங்க ஏன் போனாங்க?" என்று கேட்டவர்களை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அது சினிமாவில் கற்ற கேள்வி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சினிமா அந்தக் கேள்வியை ஒரு நாளும் திருத்தவில்லை.

படத்தைத் தடை செய்யணுமா? நிச்சயமாக இல்லை. பெரியப்பா சொன்ன மாதிரி அது தைரியமான படம். இளையராஜா இசையைக் கேட்டால் இன்றைக்கும் முதுகில் சில்லிடும். அதைப் பார்த்ததால்தானே இவ்வளவும் பேசினோம்? 1978-ல் அத்தையையும் தியேட்டருக்கு அனுப்பியிருந்தால் அந்தக் கேள்வியை அப்போதே யாராவது கேட்டிருப்பார்கள். "பொம்பளப் பிள்ளைக பாக்கிற படம் இல்ல" என்று வீட்டில் நிறுத்தியதால், பெண்களைப் பற்றிய ஒரு படத்துக்கு ஆண்கள் மட்டுமே தீர்ப்பு எழுதினார்கள். என்னைக் கேட்டால், நடந்த தப்பு அதுதான்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு பெரியப்பா மெதுவாக அத்தையிடம் சொன்னார்: "அன்னைக்கு ஒன்னையும் கூட்டிட்டுப் போயிருக்கணும்." அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இனி ஒருக்கா போட்டா சொல்லு, அந்தப் பிள்ளைக பேர எழுதி வைக்கணும்" என்றாங்க.

நானும் ஒரு நோட்டு எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இந்தப் படத்தைப் பார்த்த பெரியவர்கள் இருந்தால், முக்கியமாகப் பார்க்க விடாத பெண்கள் இருந்தால், கேட்டுப் பாருங்கள். சண்டை வந்தால் நான் பொறுப்பல்ல!