நிலைக்கோப்பு மேலாண்மை

இணையச் செயலியைத் திறக்கும்போது உலாவிக்கு இரு வகைப் பொருள்கள் வந்து சேர்கின்றன. ஆளுக்கு ஆள் மாறும் பக்கங்களைச் சர்வர் அப்போதைக்கப்போது உருவாக்கி அனுப்புகிறது. படம், எழுத்துரு, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் போன்றவை யார் கேட்டாலும் அப்படியே எடுத்துக் கொடுக்கப்படுகின்றன. இவையே நிலைக்கோப்புகள். இவற்றைத் திரட்டிப் பெயரிட்டு, சர்வர்களில் ஏற்றி, பழைய பதிப்பும் புதியதும் கலந்துவிடாமல் காப்பதே நிலைக்கோப்பு மேலாண்மை.

1990களின் தொடக்கத்தில் இது தனி வேலையாக இருக்கவில்லை. எஃப்டிபி வழியாகக் கோப்பைச் சர்வரில் போட்டால் முடிந்தது. 1993இல் மொசைக் உலாவி பக்கத்துக்குள்ளேயே படம் காட்டியது. 1995இல் ஜாவாஸ்கிரிப்டும் 1996இல் சிஎஸ்எஸ்ஸும் வந்தன. ஒரு பக்கத்துக்கே பல கோப்புகள் தேவைப்பட்டன. தொலைபேசி இணைப்பில் ஒவ்வொன்றும் காத்திருப்பைக் கூட்டியதால், ஒருமுறை இறக்கியதை உலாவிகள் பயனரின் கணினியிலேயே கேஷாகச் சேமித்தன.

சிக்கலும் அங்கேயே தொடங்கியது. சர்வரில் கோப்பு மாறிவிட்டது. பயனரிடம் இருப்பதோ பழையது. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் 1996இல் ஆவணப்படுத்தப்பட்ட பதிப்பான எச்டிடிபி 1.0இல், குறிப்பிட்ட தேதிக்குப் பின் கோப்பு மாறியதா என்று உலாவி கேட்கலாம். மாறவில்லையென்றால் 304 என்ற பதில் மட்டும் வரும். 1997இல் எச்டிடிபி 1.1 ஈடேக், கேஷ்-கன்ட்ரோல் தலைப்புகளைச் சேர்த்தது. பைட்டுகள் மிச்சமாயின, ஆனால் கேள்வி போய்ப் பதில் வரும் நேரம் மிச்சமாகவில்லை. கேள்வியே வேண்டாமென்று ஓராண்டுக் காலாவதி கொடுத்தால், நாளை செய்யும் திருத்தம் ஓராண்டுவரை பயனரைச் சேராமல் போகலாம். இத்துறையின் பிற்கால வளர்ச்சியில் பெரும்பகுதி இந்த முரண்பாட்டிலிருந்து பிறந்தது.

தொலைவு இன்னொரு தடை. எம்ஐடி பேராசிரியர் டாம் லெய்ட்டனும் மாணவர் டேனியல் லூவினும் 1998இல் தொடங்கிய அகமாய், கோப்புப் பிரதிகளைப் பயனர்களுக்கு அருகிலுள்ள சர்வர்களில் வைத்தது. எந்தக் கோப்பு எந்தச் சர்வரில் என்பதைப் பகிர்ந்தளிக்கும் கணித வழியை அவர்கள் சக ஆய்வாளர்களுடன் 1997இல் வெளியிட்டிருந்தனர். லூவின் 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானம் ஒன்றில் உயிரிழந்தார். அமேசானின் எஸ்3 (2006), கிளவுட்ஃபிரன்ட் (2008) சேவைகள் இந்த வசதியைச் சிறு குழுக்களுக்கும் எட்டச் செய்தன.

காத்திருப்பில் 80 முதல் 90 விழுக்காடு உலாவிப் பக்கத்தில்தான் கழிகிறது என்று யாஹூவில் பணியாற்றிய ஸ்டீவ் சவுடர்ஸ் 2007இல் எடுத்துக்காட்டினார். தரவுத்தளத்தை மட்டுமே குறைசொல்லி வந்த நிரலாளர்கள் கோப்புகளின் பக்கம் திரும்ப அது பெரிதும் காரணமாயிற்று.

காலாவதி முரண்பாட்டுக்கு விடை தேடிய இணையச் செயலிச் சட்டகங்களுள் ஒன்றான ரூபி ஆன் ரெயில்ஸ், தொடக்கத்தில் கோப்பின் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறியிட்டு, அது கடைசியாக மாறிய நேரத்தை ஒட்டியது. எளிய வழிதான், ஆனால் ஓட்டைகள் உண்டு. கேள்விக்குறி உள்ள முகவரிகளைச் சில இடைநிலைக் கேஷ்கள் சேமிக்கவில்லை. ஒரே கோப்பை இரண்டு சர்வர்களில் ஏற்றினால் நேரமுத்திரை வேறுபட்டது. எல்லாவற்றையும்விட, பழைய நேரத்தைச் சொல்லிக் கேட்டாலும் சர்வர் புதிய கோப்பையே கொடுத்தது.

2011 ஆகஸ்டில் வந்த ரெயில்ஸ் 3.1, உள்ளடக்கத்திலிருந்து எம்டி5 முறையில் கணக்கிட்ட 32 எழுத்துக் கைரேகையைக் கோப்பின் பெயருக்குள்ளேயே வைத்தது. ஒரு காற்புள்ளி மாறினாலும் பெயர் மாறும். மாறாத கோப்பு எந்தச் சர்வரில் உருவானாலும் அதே பெயரைப் பெறும். எனவே ஓராண்டுக் காலாவதியை, அதாவது 31536000 நொடிகளை, அச்சமின்றிக் கொடுக்கலாம். இத்துறையில் இதைவிடச் சிறந்த யோசனை இதுவரை வரவில்லை.

அதே 2011இல் இன்னொரு சட்டகமான ஜாங்கோவின் 1.3 பதிப்பு, சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஓரிடத்தில் சேர்க்கும் கலெக்ட்ஸ்டாட்டிக் கட்டளையைத் தந்தது; கைரேகைப் பெயர்கள் 2012இல் 1.4 பதிப்பில் வந்தன. ஜாங்கோ எம்டி5இன் முதல் 12 எழுத்துகளோடு நிறுத்திக்கொள்கிறது. நுணுக்கம் சிஎஸ்எஸ்ஸில் இருக்கிறது. படத்தின் பெயர் மாறினால் அதைச் சுட்டும் சிஎஸ்எஸ்ஸின் உள்ளடக்கம் மாறும். உடனே அதன் கைரேகையும் மாறும். எனவே பெயர்கள் நிலைபெறும்வரை ஜாங்கோ திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது, இயல்பான வரம்பு 5 சுற்று.

கோப்புகளை ஒன்றாக இணைத்துச் சுருக்கும் வழக்கத்துக்கு ஓர் இணைப்பில் ஒரு நேரத்தில் ஒரு கோப்பே வந்த எச்டிடிபி 1.1இன் நெருக்கடியே முக்கியக் காரணம். வெப்பேக் போன்ற கருவிகள் அதைப் பெருந்தொழிலாக்கின. ஒரே இணைப்பில் பல கோப்புகளை அனுப்பும் எச்டிடிபி 2 (2015) அந்தத் தேவையைத் தணித்தது.

வெளியீட்டில் முறைமையே உயிர். நிலைக்கோப்புகள் எல்லா இடங்களிலும் ஏறிய பின்னரே அவற்றைச் சுட்டும் பக்கங்கள் மாற வேண்டும்; வரிசை தவறினால் புதிய பக்கம் இல்லாத கோப்பைக் கேட்டு, 'கிடைக்கவில்லை' என்னும் 404 பதிலை வாங்கும். பழைய கோப்புகளை உடனே அழிப்பதும் தவறு. காலையில் திறந்த பக்கத்தை மாலைவரை மூடாமல் வைத்திருப்பவரின் உலாவி, அடுத்த பொத்தானை அழுத்தும்போதுதான் முந்தைய பதிப்பின் ஒரு துண்டைக் கேட்கக்கூடும். சில வெளியீடுகளின் கோப்புகளையாவது அருகருகே வைத்திருப்பது பயனருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

2017இல் தரப்படுத்தப்பட்ட இம்யூட்டபிள் குறிப்பு, பயனர் பக்கத்தைப் புதுப்பித்தாலும் இந்தக் கோப்பைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று உலாவிக்குச் சொல்கிறது. 2024 நவம்பரில் வெளியான ரெயில்ஸ் 8, நிலைக்கோப்புகளைக் கையாளும் பழைய கருவியான ஸ்ப்ராக்கெட்ஸுக்குப் பதிலாக ப்ரொப்ஷாஃப்ட்டை இயல்பாக்கியது. அது கோப்புகளை இணைப்பதில்லை, சுருக்குவதும் இல்லை. ஆனால் கைரேகைப் பெயர் இடும் வேலையைக் கைவிடவில்லை.