எத்தனால் கரும்புக்கு வலிமை தரும் நாணல்: மரபணு வளம் ஏன் அவசியம்?

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை 2030-ஆம் ஆண்டிலிருந்து 2025-26-க்கு மத்திய அரசு முன்னதாக மாற்றியது. இதையடுத்து, சர்க்கரைக்காகப் பயிரிடப்பட்டு வந்த கரும்பு, எரிபொருள் பயிராகவும் முக்கியத்துவம் பெற்றுள்ளது. கரும்பு ஒரு பல்லாண்டுப் புல் வகை. வெட்டிய பின் மறுதாம்பாக மீண்டும் தழைக்கும்.

இன்றைய ரகங்களின் வலிமைக்குக் காரணம், ஆற்றங்கரைகளில் வளரும் நாணல். 1912-இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில், சி.ஏ. பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் ஆகியோர் 'வெள்ளை' எனும் கரும்பை உள்ளூர் நாணலுடன் இணைத்து 'கோ 205' ரகத்தை உருவாக்கினர். இனிப்பைக் கரும்பும், வறட்சியையும் நோயையும் தாங்கும் திறனை நாணலும் வழங்கின. 1930-களில் அங்கு பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள், நாணலின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். இடத்துக்கு இடம் நாணலின் குரோமோசோம் எண்ணிக்கை 40 முதல் 128 வரை வேறுபடுகிறது.

இந்த வேற்றுமை வயல்களில் இல்லை. கரும்பு விதையால் அன்றி கரணைகளால் நடப்படுவதால், ஒரு ரகம் பயிரான பரப்பு முழுவதும் மரபணு அளவில் ஒரே செடியே. நோய்க்கிருமி அதன் எதிர்ப்பை முறியடித்தால் மொத்தப் பரப்பும் பாதிக்கப்படும். உத்தரப் பிரதேசத்தின் பெரும்பாலான கரும்பு வயல்களில் பரவியிருந்த 'கோ 0238', செவ்வழுகல் நோய்க்கு இலக்கானது இதற்குச் சான்று. வெல்லத்துக்குப் பெயர்பெற்ற சித்தூர் பகுதி உள்ளிட்ட தென்மாநிலக் கரும்பு விவசாயிகளுக்கும் இது எச்சரிக்கையாகும்.

சர்க்கரை உற்பத்தி குறையும் என்ற அச்சத்தால், 2023 டிசம்பரில் கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் தயாரிக்க மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. உணவுக்கும் எரிபொருளுக்கும் இடையிலான இந்தப் போட்டிக்கு ஒரு தீர்வாக, நார்ச்சத்து மிகுந்த 'எரிசக்திக் கரும்பு' கருதப்படுகிறது. நாணலின் மரபணுப் பங்கு இதில் கூடுதலாக இருக்கும். இதன் சக்கையைக் கொண்டு மின்சாரமும், இரண்டாம் தலைமுறை எத்தனாலும் தயாரிக்கலாம். அமெரிக்காவின் லூசியானாவில் இத்தகைய ரகம் 2007-இல் வெளியிடப்பட்டது.

புதிய ரகங்களுக்கான மூலவளம் கேரளத்தின் கண்ணூரில் உள்ளது. உலகின் இரு பெரிய கரும்பு மரபணுத் தொகுப்புகளில் ஒன்று அங்கு பராமரிக்கப்படுகிறது. மற்றொன்று அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ளது. களையெனக் கருதி நாணல் அழிக்கப்பட்டால், நாளைய நோய்க்கான எதிர்ப்புத் திறனும் அதனுடன் மறையக்கூடும்.