டிராக்டருக்கு ஆயில் ஃபில்டர் வந்த வழி

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஆயில் ஃபில்டரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆயில் மாற்றும்போது கூடவே மாற்றுகிற சாமான். விலை கேட்பதோடு அதைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். ஆனால் அது எஞ்சினுக்குள் புகுந்த கதையைக் கிளறினால் சர்க்கரை ஆலையும் பஞ்சாலையும் பால்பண்ணையும் குழந்தைகளுக்கு உடை பின்னிய கம்பெனியும் வரிசையாக வருகின்றன. இதற்கான யோசனைகளில் பெரும்பாலானவை எஞ்சின்காரர்களுக்கு வெளியிலிருந்து கிடைத்தவை.

ஆரம்பகால டிராக்டர்களில் ஃபில்டரே கிடையாது. 1910 வாக்கில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்த ரம்லி ஆயில்புல் போன்ற பெரிய வண்டிகளில் ஒரு எண்ணெய்ப் பெட்டி இருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியாகப் புது எண்ணெய் சொட்டுச் சொட்டாக பேரிங்குகளுக்குப் போகும். சொட்டிக்கொண்டே இருப்பது புது எண்ணெய் என்பதால் வடிகட்டும் கவலை இல்லை; எண்ணெய்ச் செலவுதான் கவலை.

அந்தச் செலவைக் குறைத்தது 1917இல் வந்த ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன். அடியில் தேங்கிய எண்ணெயையே சுழலும் பாகங்கள் வாரி இறைத்துக்கொள்ளும். பம்பு இல்லை, ஃபில்டரும் இல்லை. உள்ளே இழுக்கும் காற்றைத் தண்ணீரில் கழுவி அனுப்ப அதில் ஏற்பாடு இருந்தது. எண்ணெயைச் சுத்தம் செய்ய மட்டும் எதுவும் இல்லை. உழவுப் புழுதியும் தேய்ந்த இரும்புத் துகளும் அதே எண்ணெயில் மணிக்கணக்கில் சுற்றி வந்தன.

தீர்வு கொண்டுவந்தவர் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட். சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் தங்கத் தாதுவைக் கரைத்துப் பிரிக்கும் இடங்களிலும் ஓடிய அழுத்த வடிகட்டிகளுக்குப் பெயர்பெற்றவர். கூழையும் கரைசலையும் துணியில் அழுத்தி வடிப்பது அவருக்குக் கைவந்த கலை. 1923இல் கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் கிரீன்ஹால்குடன் சேர்ந்து அதையே சிறிதாக்கி எஞ்சினில் பொருத்தினார். அழுத்தமாக நெய்த துணி, அதைத் தாங்க ஓட்டை போட்ட தகடு, சுற்றிலும் ஒரு டப்பா: பியூரொலேட்டர். அடுத்த ஆண்டே கிரைஸ்லர் கார் அதை ஏற்றுக்கொண்டது. டிராக்டர் கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன.

ஆனால் அந்த ஃபில்டர் எல்லா எண்ணெயையும் வடிகட்டவில்லை. தடித்த துணியில் மொத்த எண்ணெயையும் செலுத்தினால், குளிர்ந்த காலையில் பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேராது. அதனால் பம்பிலிருந்து எண்ணெய் நேராக பேரிங்குக்குப் போகும். அதில் ஒரு சிறு பங்கு மட்டும் பிரிந்து ஃபில்டர் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். ஹாரி ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் கைகுலுக்கிச் செய்த ஒப்பந்தத்தில் பிறந்த 1939ஆம் ஆண்டின் ஃபோர்ட் 9என் டிராக்டரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டப்பாவின் நடுத்தண்டில் 2 மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு துளை. எண்ணெய் எவ்வளவு பிரியலாம் என்பதை அந்தத் துளைதான் முடிவு செய்கிறது. நிறைய வடியட்டும் என்று அதைப் பெரிதாக்கினால், எஞ்சினின் ஆயில் பிரஷர்தான் இறங்கும்.

இதற்கிடையில் எண்ணெயே மாறிவிட்டது. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இதுதான். 1931இல் கேட்டர்பில்லர் டீசல் டிராக்டரை இறக்கியது. கரியால் பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொண்டன. 1935இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில், கரியை ஒட்டவிடாத சேர்மானத்துடன் டெலோ எண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரிங்குகள் பிழைத்தன. ஆனால் முன்பு அடியில் படிந்து கிடந்த அழுக்கு, இப்போது எண்ணெயோடு மிதந்து ஊர்வலம் போக ஆரம்பித்தது. சிறு பங்கை மட்டும் வடிப்பது போதாது, பேரிங்குக்குப் போகும் வழியிலேயே எல்லாவற்றையும் மறிக்க வேண்டும் என்ற கட்டாயம் வலுத்தது.

எதைக் கொண்டு மறிப்பது? 1939இல் வட கரோலினாவின் பஞ்சாலை ஊரான காஸ்டோனியாவில் விக்ஸ் என்ற ஃபில்டர் கம்பெனி தொடங்கியது. 1941இல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கில், பின்னலாடைக்குப் பெயர்போன பிளைலே நிறுவனத்தின் நிர்வாகிகள் அடால்ஃப் மான், எரிக் ஹும்மல் இருவரும் போரினால் துணித்தொழில் முடங்கியபோது ஃபில்டர் பக்கம் திரும்பினார்கள். மாலுமி உடை மாதிரியில் சிறுவர்களுக்குச் சட்டை செய்த நிறுவனம் அது. துணி, கம்பளி, பஞ்சுக் கழிவு என்று ஓடிய போட்டியில் கடைசியில் வென்றது காகிதம். பிசினில் தோய்த்து, மடித்து மடித்து வைத்த காகிதம், சிறிய டப்பாவுக்குள் பெரிய பரப்பைக் கொடுத்தது. முழு எண்ணெயும் தாராளமாகப் போனது. அடைத்துக்கொண்டால் வடிகட்டாத எண்ணெயாவது எஞ்சினுக்குப் போகட்டும் என்று ஒரு வால்வு காவல் நின்றது.

இந்த அமைப்பு மெட்ராஸுக்கு வந்தது மாஸி ஃபெர்குசன் வழியாக. 1960இல் தொடங்கிய டாஃபே கம்பெனி, மாஸி ஃபெர்குசனின் எம்.எஃப். 35 குடும்பத்து டிராக்டர்களை அங்கே செம்பியத்தில் செய்தது. அதன் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினில் ஃபில்டர் ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும். நடு போல்ட்டைக் கழற்றினால் கறுப்பு எண்ணெயோடு கிண்ணம் கைக்கு வரும். மேலே காடியில் பழைய வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் குத்தி எடுத்தாக வேண்டும். எடுக்காமல் அதன் மேலேயே புது வாஷரை வைத்து முடுக்கினால், வண்டி ஸ்டார்ட் ஆனதும் எண்ணெய் பீறிட்டு ஒழுகும்.

சோவியத் பொறியாளர்கள் காகிதத்தையே நம்பவில்லை. 1878இல் ஸ்வீடனின் குஸ்டாஃப் டி லவால் பாலைச் சுழற்றி ஆடையைப் பிரித்த அதே தத்துவத்தை மின்ஸ்க் தொழிற்சாலையின் பெலாரஸ் டிராக்டரில் காணலாம். எண்ணெயின் விசையிலேயே ஒரு கலம் வேகமாகச் சுழல, அழுக்கு அதன் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்திய பிறகும் கலத்தின் ரீங்காரம் அரை நிமிடமாவது கேட்டால் அது நன்றாக ஓடுகிறது என்று பொருள். வாங்க வேண்டியது எதுவும் இல்லை. சுரண்டிக் கழுவினால் போதும். தூரத்துப் பண்ணைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

1954இல் விக்ஸ் கிண்ணம், காகிதம், வாஷர் மூன்றையும் ஒன்றாக்கி, கையால் திருகி மாட்டும் டப்பாவாகக் கொடுத்தது. மற்றவர்களும் அதே வடிவத்துக்கு மாறினார்கள். இன்று பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் அடாப்டர் வாங்கி, கிண்ணத்துக்குப் பதில் இந்த டப்பாவை மாட்டிக்கொள்கிறார்கள். மரை பொருந்துகிறது என்பதற்காக எந்த டப்பாவையும் மாட்டிவிடக் கூடாது. சில எஞ்சின்களில் அந்தக் காவல் வால்வு பிளாக்கிலேயே இருக்கும், சிலவற்றில் டப்பாவுக்குள் இருக்கும். இரண்டிலும் இல்லாதபடி மாட்டிவிட்டால், காகிதம் அடைத்த அன்று பேரிங்குக்கு எண்ணெய் போகாது.