ஒரு நாட்டுக்கு ஒரு வயர்: எர்நெட்டின் கதை

நான் புதுவாயல்காரன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போற கன்டெய்னர் லாரிங்க ராத்திரி பகலா ஓடுற ஜி.என்.டி. ரோடு எங்க ஊர் வழியாத்தான் போகுது. அந்த மாதிரி ஹைவே ஓரத்துல, "கீழே கேபிள் இருக்கு, தோண்டாதே"ன்னு சொல்ற குட்டிக் கல்லுங்களைப் பார்த்திருப்பீங்க. இன்னிக்கு எபிசோட் அந்தக் கேபிளைப் பத்தி. குறிப்பா, நம்ம நாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கு வெளிநாட்டோட தொடர்பு எப்படிக் கிடைச்சுது, அது யாருக்கு இன்னும் முழுசாக் கிடைக்கலைங்கறதைப் பத்தி.

முதல்ல ஒரு பழைய வயர். 1870-71 வாக்குல சென்னையிலிருந்து பினாங்கு வழியா சிங்கப்பூருக்குக் கடலுக்கு அடியில தந்திக் கேபிள் போட்டாச்சு. ஆனா போட்டது பிரிட்டிஷ் கம்பெனி. பேரரசுக்கும் வியாபாரிகளுக்கும் உதவின வயர் அது. வார்த்தைக்கு இவ்வளவுன்னு காசு. ஒரு பேராசிரியர் தன்னோட ஆராய்ச்சிக் கட்டுரையைத் தந்தியில அனுப்புறதெல்லாம் நினைச்சே பார்க்க முடியாது.

நூறு வருஷம் தள்ளி வருவோம். 1973-லயே சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 கம்ப்யூட்டர் வந்துடுச்சு. மெஷின் இருந்துச்சு, ஆனா அது ஒரு தீவு. வெளிநாட்டுல ஒருத்தர் எழுதின கட்டுரை, ஜர்னல்ல அச்சாகி, கப்பல் தபால்ல வந்து சேர மாசக்கணக்காகும். நீங்க இங்க ஒரு கணக்குக்கு விடை கண்டுபிடிச்சு முடிக்கும்போது, அதை வேற ஒருத்தர் ஏற்கனவே முடிச்சிருப்பார். திறமையில குறை இல்ல, தகவல் வர்றதுதான் லேட்.

இதை மாத்த 1986-ல வந்ததுதான் எர்நெட். மத்திய அரசின் மின்னணுத் துறை ஆரம்பிச்சுது, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் பண உதவி பண்ணுச்சு. மொத்தம் எட்டு இடம்தான்: டெல்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னைன்னு அஞ்சு ஐ.ஐ.டி.கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், பம்பாயில என்.சி.எஸ்.டி., அப்புறம் அந்த மின்னணுத் துறையே. என்.சி.எஸ்.டி.யை நடத்தின எஸ். ரமணி இந்தக் கதையில முக்கியமான ஆள்.

ஆரம்பத்துல நிரந்தர லைனே கிடையாது. சாதாரண டெலிபோன்தான். ஒரு ஊர் கம்ப்யூட்டர் இன்னொரு ஊர் கம்ப்யூட்டருக்கு போன் போடும், சேர்த்து வச்ச மெயிலை எல்லாம் மொத்தமா கொடுக்கும், அங்க இருக்கறதை வாங்கிக்கும், கட் பண்ணிடும். தபால் பை மாத்திக்கிற மாதிரி. இதுக்குப் பேர் யு.யு.சி.பி. எஸ்.டி.டி. லைன் கிடைக்கறதே பாடா இருந்த காலம்ங்கறதை மறந்துடாதீங்க.

1989-ல பம்பாய் என்.சி.எஸ்.டி.யிலிருந்து அமெரிக்காவுல வர்ஜீனியாவுல இருந்த யு.யு.நெட்டுக்கு ஒரு நேரடி லைன் வந்துச்சு. வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். கொஞ்சம் கணக்குப் போடுங்க. நொடிக்கு சுமார் 1,200 எழுத்து. உங்க போன்ல எடுக்கற 4 எம்.பி. போட்டோ ஒன்னு அதுல போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுவும் வேற யாரும் லைனைத் தொடலைன்னா! எர்நெட்ல இருந்த அத்தனை பேருக்கும் வெளிநாட்டு வாசல் அந்த ஒன்னுதான். அதனால எழுத்து மட்டும் போச்சு. மெயில், மெயில், மெயில். ஆனா மாசக்கணக்குல வந்த பதில் ஒரு நாள்ல வர ஆரம்பிச்சுது. அந்த வித்தியாசம்தான் பெருசு.

1990-ல எர்நெட்டுக்கு 144.16-ன்னு தொடங்குற 65,536 முகவரிகள் ஒதுக்கினாங்க. 1992-க்குள்ள எட்டு இடமும் 9.6 கிலோபிட் லைன்ல இணைஞ்சாச்சு. அதே வருஷம் அமெரிக்க லைன் 64 கிலோபிட் ஆச்சு. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15-லதான்.

அப்புறம் ஏன் வேகம் சட்டுனு ஏறலை? கடல் தாண்டுற லைனுக்கு 2002 வரைக்கும் வி.எஸ்.என்.எல். ஒன்னுதான் கடை. ஒரே கடைன்னா விலை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். 2002-ல அந்தத் தனியுரிமை முடிஞ்சுது. அதே வருஷம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல, 3,200 கிலோமீட்டருக்கு ஐ2ஐ கேபிள் வந்துச்சு. 1870-ல தந்தி போன அதே திசை! 2004-ல டாடா கேபிள், அடுத்து சீ-மீ-வீ 4. சென்னை ஒரு கேபிள் துறைமுகம் ஆச்சு.

ஆனா கேபிள் வந்தா மட்டும் ஆராய்ச்சிக்கு வழி கிடைச்சுடாது. அதுல ஒரு பங்கை யாராவது காசு கொடுத்து ஒதுக்கணும். 2006-ல எர்நெட் ஐரோப்பாவோட ஜியான்ட் வலையமைப்போட இணைஞ்சது 45 மெகாபிட்ல. ஜெனீவா செர்ன் சோதனைகள்ல நம்ம விஞ்ஞானிகள் இருந்தாங்க. அங்கிருந்து கொட்டுற டேட்டாவுக்கு முன்னாடி அது ஒரு ஸ்ட்ரா மாதிரி. 2008 ஜனவரியில எகிப்து பக்கம் கடல் கேபிள்கள் அறுந்தப்போ இந்தியாவோட இணைப்புல பெரும்பகுதி திணறுச்சு. கிழக்குப் பக்கமா சுத்தி அனுப்பித்தான் சமாளிச்சாங்க. ஒரே வழியை நம்பக்கூடாதுன்னு எல்லாருக்கும் புரிஞ்ச நாள் அது. 2010-ல மத்திய அரசு 5,990 கோடி ரூபாய்க்கு தேசிய அறிவு வலையமைப்புக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. நொடிக்கு 10 கிகாபிட் முதுகெலும்பு, சுமார் 1,500 நிறுவனங்களை இணைக்கறது இலக்கு.

இப்போ எங்க ஊர்ப் பக்கம் வருவோம். தமிழ்நாட்டுல மட்டும் இன்ஜினியரிங் காலேஜ் 400-க்கு மேல. பெரும்பாலானது சுயநிதி. சிப்காட்ல ஷிஃப்ட் வேலை பார்க்கற அப்பாவோட பொண்ணு சேர்றது அதுலதான். அவளுக்கு வயர் பிரச்சினை இல்ல. கையில 5ஜி இருக்கு. 9.6 கிலோபிட்னா சிரிப்பா. ஆனா ஒரு நல்ல கட்டுரையைத் திறந்தா பணம் கட்டுன்னு கேட்குது. 2024 நவம்பர்ல "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு மத்திய அரசு 6,000 கோடி ஒதுக்குச்சு. ரொம்ப நல்ல விஷயம். முதல் கட்டத்துல அது 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்கு. சுயநிதிக் காலேஜ் வெளியில நிக்குது.

1986-ல எட்டு இடத்துல ஆரம்பிச்சது தப்பில்ல, எங்கேயாவது ஆரம்பிக்கத்தான் வேணும். ஆனா எர்நெட்டோட பலனே, அந்த எட்டு பேர் கத்துக்கிட்டது நாடு முழுக்கப் பரவினதுதான். அதே நியாயம் இப்போ ஜர்னலுக்கும் வேணும். உங்க காலேஜ் லைப்ரரியில போய், எந்தெந்த ஜர்னலுக்கு அணுகல் இருக்குன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கிடைச்ச பதிலை எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதை வச்சே பேசுவோம்.